பம்ப் வண்டியா, சென்சார் வண்டியா

லாரி இன்ஜினைப் பற்றிப் பேச உனக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். மூன்று வருஷம் பத்துச் சக்கர லாரியின் கிளீனர் சீட்டில் உட்கார்ந்து ஊர் சுற்றியவள் நான். எங்கள் கிளீனர் சத்தியவேடு பக்கம் ஒரு ஃபேக்டரியில் வேலை கிடைத்துப் போய்விட்டான். வேறு ஆள் அமையவில்லை. இந்தக் காலத்தில் கிளீனர் வேலைக்கு யார் வருகிறார்கள்? பிள்ளைகள் இரண்டும் ஹாஸ்டலில் இருக்கிறார்கள். நகரியில் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு ரோட்டைப் பார்க்கலாமே என்று ஒரு நாள் நானே ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று "வா, வா, வா" என்று குரல் கொடுப்பது, டயரைத் தட்டிப் பார்ப்பது, தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டுவது எல்லாம் என் வேலை. என் வீட்டுக்காரர் ஓட்டுவார். எங்களுக்கு நடுவில் இன்ஜின் பெட்டி. அதற்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். அது போடும் சத்தத்துக்கு மேலே கத்தினால்தான் அவருக்குக் கேட்கும். முப்பது வருஷமாக இன்ஜின் பக்கமே இருந்த அவருடைய இடது காது மந்தமாகிவிட்டது. எதைச் சொன்னாலும் "இன்னா?" என்பார். இன்னொரு முறை சொன்னாலும் "இன்னா?" தான். கத்திக் கத்தி என் குரலும் ஒரேயடியாக ஏறிப் போய்விட்டது. எங்கள் தெருவில் எனக்கு ஹாரன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். வைத்துக்கொள்ளட்டும்.

அந்த லாரியின் இன்ஜின் பிளாக் ஒரு நாள் விரிசல் விட்டது. ஒட்ட வைத்தாலும் நிற்காது என்று சித்தூர் மெக்கானிக் கையை விரித்துவிட்டார். வண்டியை எடைக்குப் போட்டோம். போட்டுவிட்டு வந்த அன்று என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை.

அடுத்து எடுக்கும் வண்டிதான் எங்களுக்குக் கடைசி. அதில் தப்பு செய்தால் இன்னொன்று எடுக்க எங்களிடம் தெம்பு கிடையாது. அப்புறம் இவர் யாரிடமாவது சம்பளத்துக்கு ஓட்டப் போகவேண்டியதுதான். ஐம்பதைத் தாண்டிய, ஒரு காது கேட்காத டிரைவரை யார் வைத்துக்கொள்வார்கள்? ஒருவரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

என் மூத்தார், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன், அவரும் லாரிக்காரர்தான். சொந்தமாக ஒரு பழைய வண்டி வைத்திருக்கிறார். அவர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"பம்ப் வண்டிதான்டா எடுக்கணும். குடிபாலாவுல ஒண்ணு கீது, நான் பேசி வச்சிக்கீறேன். ஞாயித்துக்கெழமைக்குள்ள பதில் சொல்லணும். சென்சார் வண்டி பக்கம் போனியோ, லாப்டாப்காரன் பின்னாடியே சுத்திக்கினு கெடப்ப."

பம்ப் வண்டி என்றால் பழைய மாதிரி இன்ஜின். டீசலை ஒரு இரும்பு பம்ப் தள்ளும், இன்ஜின் ஓடும். வயரும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது. சென்சார் வண்டி புது மாதிரி. எவ்வளவு டீசல், எப்போது, எல்லாவற்றையும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி முடிவு செய்யும். புகையைச் சுத்தம் பண்ண நீல மூடி போட்ட ஒரு தனி டேங்க் இருக்கும். அதில் யூரியாக் கரைசல் ஊற்றவேண்டும்.

பம்ப் வண்டியைக் குறை சொல்ல எனக்கும் வாய் வராது. நாராயணவனம் தாண்டி ஒரு தடவை டீசல் டேங்கில் ஓட்டை விழுந்தது. குளிக்கிற சோப்பைக் குழைத்து அடைத்து, மேலே என் பழைய புடவைக் கிழிசலைச் சுற்றிக் கட்டி, சென்னை போய்த் திரும்பி வந்தோம். ரோட்டோர மெக்கானிக் ஸ்க்ரூடிரைவர் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, எந்த வால்வு தகராறு செய்கிறது என்று சொல்லிவிடுவார். சென்சார் வண்டியில் அதெல்லாம் நடக்காது. எலி ஒரு வயரைக் கடித்தால் போதும், வண்டி ஓரங்கட்டிவிடும்.

ஆனால் பம்ப் வண்டி டீசலைக் குடிக்கும். அப்படி ஒரு குடி! மேட்டில் ஏறும்போது பின்னால் வருபவனுக்குக் கண் தெரியாத அளவுக்குக் கரும்புகை தள்ளும். காதைப் பற்றித்தான் சொல்லிவிட்டேனே. இன்னொரு பம்ப் வண்டி ஏறினால் மிச்சம் இருக்கிற வலது காதும் போகும். இதை மூத்தாரிடம் சொன்னேன்.

"டிரைவருக்குக் காது எதுக்கும்மா? கண்ணு இருந்தா போதும்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த சொம்பை நங்கென்று வைத்தேன். தண்ணீர் அவர் சட்டையில் தெறித்தது. தெறிக்கட்டும் என்றுதான் வைத்தேன்.

திருப்பதியில் லாரி விற்கிற கம்பெனிக்கு நானே போன் பண்ணினேன். வாங்குவதற்கு முன்னால் லோடு ஏற்றி ஓட்டிப் பார்க்க ஒரு வண்டி கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கொடுத்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு கம்பெனிக்காரர் தெலுங்கில் மளமளவென்று விளக்கினார். இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் முள்ளைப் பச்சைக் கோட்டுக்குள் வைத்து ஓட்டுங்கள், இறக்கத்தில் நியூட்ரல் போடாதீர்கள், நீல மூடியில் யூரியா, அது எங்களிடம்தான் வாங்கவேண்டும். என் வீட்டுக்காரர் பாதிக்கு மேல் காதில் வாங்கவில்லை. நான் வாங்கினேன். ஆனால் எங்களிடம்தான் வாங்கவேண்டும் என்றதும், தன் சரக்கை விற்கப் பார்க்கிறார் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை ரேணிகுண்டா கூட்ஸ் யார்டில் லோடு ஏற்றினோம். பலமனேர் குடோனுக்குப் போகவேண்டிய உர மூட்டை. எங்கள் வண்டிக்கும் மூத்தார் வண்டிக்கும் ஒரே சரக்கு, ஒரே எடை. எங்களுக்குப் பின்னாலேயே அவர் வந்தார். சித்தூர் தாண்டி பலமனேர் போகிற வழியில் மொகிலி மலைரோடு இருக்கிறது. எந்த இன்ஜினின் யோக்கியதையும் அங்கே தெரிந்துவிடும்.

என் வீட்டுக்காரர் பழைய பழக்கத்தில் ஓட்டினார். பம்ப் இன்ஜின் அலறினால்தான் இழுக்கும். அதனால் சின்ன மேடு வந்தாலும் கியரைக் குறைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தார். முள் பச்சைக் கோட்டைத் தாண்டிச் சிவப்புக்குப் போனது. வண்டி கத்தியது, நகரவில்லை. எனக்கு வேறு வேலை இல்லை, முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன். பாகாலா தாண்டி ஒரு மேட்டில் அவர் கையில் போண்டா இருந்தது. ஒரு கையில் ஸ்டியரிங், இன்னொரு கையில் போண்டா, கியர் மாற்றக் கை இல்லை. மேடு முடிகிறவரை துன்னுகினே வந்தார். முள் பச்சைக் கோட்டிலேயே நின்றது. வண்டி ஒரு முனகல் இல்லாமல் ஏறிவிட்டது! அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

சித்தூரில் டீக்கு நிறுத்தினோம். அவர் இறங்கிப் போனதும் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. யூரியா குறைந்துவிட்டது. போன் போட்டால் கம்பெனிக்காரர் கேன் அனுப்புவார், ஆனால் இரண்டு மணி நேரம் காக்கவேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. வண்டி நிறைய யூரியா மூட்டை ஏற்றிக்கொண்டு யூரியாவுக்குக் காத்துக்கிடக்கவா? பின்னால் ஒரு மூட்டை கிழிந்து சிந்தியிருந்தது. நான் பயிர் வைக்கிற வீட்டில் பிறந்தவள். நெல்லுக்கு எத்தனை முறை என் கையால் வீசியிருக்கிறேன். சிந்தியதை அள்ளி, தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குலுக்கி, நீல மூடியைத் திறந்து ஊற்றினேன். நாலு பாட்டில் ஊற்றினேன். மஞ்சள் விளக்கு அணைந்தது. கம்பெனிக்காரனுக்கே பாடம் சொல்லலாம் போல எனக்கு அவ்வளவு பெருமை. டீ வாங்கி வந்த வீட்டுக்காரரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மொகிலி மலை அடிவாரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. என்னென்னவோ எழுத்து ஓடியது. பாதி மலையில் வண்டியின் பலம் பொசுக்கென்று இறங்கிவிட்டது. என்ன மிதித்தாலும் நடக்கிற வேகம்தான். ஷேர் ஆட்டோ எங்களைத் தாண்டிப் போனது. பால் வண்டிக்காரன் தலையை வெளியே நீட்டி, தள்ளிவிடட்டுமா என்று கேட்டுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு மூத்தார் வந்தார். ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு, எங்கள் முகத்தில் கரும்புகையை ஊதிவிட்டு ஏறிப் போனார். என் வீட்டுக்காரர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார். நான் ஊற்றியதுதான் காரணம் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஊர்ந்து ஊர்ந்து பலமனேர் போய்ச் சேர்ந்து போன் போட்டோம். மறுநாள் காலை கம்பெனிக்காரர் லாப்டாப்போடு குடோனுக்கு வந்தார். வயரைச் செருகிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"தீண்ட்லோ ஏம் போசாரு?" என்றார். யூரியா டேங்கில் என்ன ஊற்றினீர்கள் என்று கேட்கிறார்.

"ஒண்ணும் ஊத்தல. வண்டியே சரியில்ல" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்குத் தெரிந்த உண்மை அது.

"ஊத்தின சரக்கு சரியில்லன்னு லாப்டாப் காட்டுதே" என்றார் கம்பெனிக்காரர், அரைகுறைத் தமிழில்.

மூத்தார் குதித்தார். "லாப்டாப் இன்னா கடவுளா? எங்க ஊட்டு ஆளுங்க பொய் சொல்ல மாட்டாங்க. காணிப்பாக்கத்துக்கு வா. மூணு பேரும் கொளத்துல முழுகி, விநாயகர் எதிர்ல நின்னு, ஒண்ணுமே ஊத்தலன்னு சத்தியம் பண்றோம். வர்றியா?"

மூட்டை தூக்குபவர்கள்கூட நின்றுவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் கோர்ட்டில் பொய் சொல்கிறவன் உண்டு, போலீஸ் ஸ்டேஷனில் பொய் சொல்கிறவன் உண்டு. காணிப்பாக்கத்தில் பொய்ச் சத்தியம் பண்ணுகிறவன் கிடையாது. அந்தப் பேச்சு எடுத்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும். கம்பெனிக்காரரே லாப்டாப்பை மூடிவிட்டு, சரி, வண்டியில்தான் ஏதோ கோளாறு போல என்று முனகினார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் மானம் பிழைத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை குடிபாலா பம்ப் வண்டி எங்கள் வாசலில் நின்றிருக்கும். என் வீட்டுக்காரரின் வலது காதும் அதோடு போயிருக்கும். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். என் வாழ்நாளில் முதல் தடவையாக எனக்குக் குரல் எழும்பவில்லை.

"நான்தான் ஊத்தினேன்" என்றேன் மெதுவாக.

"இன்னா?"

"நான்தான் ஊத்தினேன்."

"இன்னா?"

"மூட்டையில இருந்த யூரியாவ தண்ணியில கரைச்சி நான்தான்யா ஊத்தினேன்!"

குடோன் சுவரில் இருந்த புறாவெல்லாம் பறந்தது. நான் கத்தினால் அப்படித்தான். அப்புறம் மூட்டை தூக்குகிற ஒருவர் ஆரம்பித்து வைத்தார், குடோனே சிரித்தது. மூத்தார் தலையில் அடித்துக்கொண்டார்.

"அது இன்னா நெல்லு நாத்தாம்மா, யூரியா போட்டா பச்சையா வர்றதுக்கு?"

கம்பெனிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. வயலுக்குப் போடுவது வேப்பெண்ணெய் பூசிய உரம், அழுக்கு இருக்கும், இன்ஜினுக்கு ஊற்றுவது சுத்தமான கரைசல் என்று பொறுமையாகச் சொன்னார். இந்தத் தப்பைச் செய்கிறவர்கள் நிறைய பேர், ஒத்துக்கொண்டது நீங்கள்தான் அம்மா என்றும் சொன்னார். டேங்கைக் கழுவி, நல்ல கரைசலை ஊற்றினார். அரை நாளில் சிவப்பு விளக்கு அணைந்தது. வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள் என்று அவராகவே சொன்னார்.

"எதுக்கு?" என்றார் மூத்தார். "பொம்பள ஊத்தின தண்ணிக்கே படுத்துக்கிற வண்டி. என்னுது லோடோட லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் குடுக்குது. இது அவ்ளோ குடுக்குமா?"

எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ.

"மாமா, நான் ஒத்துக்கினேன். அதே காணிப்பாக்கம் உங்களுக்கும் கீது. லோடோட நாலரைன்னு கொளத்துல முழுகிட்டு வந்து சொல்லுங்க. இப்பவே போலாம்."

சுற்றி நின்ற டிரைவர்கள் ஒவ்வொருவராகத் தரையைப் பார்த்தார்கள். எல்லோரும் நாலரைக்காரர்கள்தானே!

"நாலரைன்னா... ரோடு நல்லா இருந்தா" என்று இழுத்தார் மூத்தார்.

"சத்தியத்துல ரோடெல்லாம் சொல்ல முடியாது மாமா."

"நாலுன்னு வச்சிக்கோ."

"நானா வச்சிக்க? சாமிதான் வச்சிக்கணும்."

"மூணரை" என்றார். அப்புறம் யாருக்கும் கேட்காத மாதிரி, "மூணுக்குக் கொஞ்சம் மேல" என்றார். என் வீட்டுக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ வருஷமாக அண்ணனின் நாலரையை நம்பி, தன் கையில்தான் குறை என்று நினைத்துக்கொண்டிருந்த மனுஷன் அவர்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் ரேணிகுண்டா, மறுபடியும் அதே லோடு. இரண்டு வண்டிக்கும் ஒரே பங்க்கில் டேங்க் வழிய வழிய டீசல் போட்டோம். பலமனேரில் திரும்ப வழிய வழிய நிரப்பினால் எது எவ்வளவு குடித்தது என்று தெரிந்துவிடும். அந்த முறை நான் வாயை மூடவே இல்லை. பாகாலா மேட்டில் அவர் கை கியருக்குப் போனபோது பட்டென்று ஒரு தட்டு தட்டினேன்.

"கையை எடு! போண்டா துன்னுகினு ஏறினியே, அப்படியே ஏறு. முள்ளு பச்சையில கீற வரைக்கும் தொடாத."

ஏறியது. இறக்கத்தில் நியூட்ரல் போடப் போனார், அதற்கும் ஒரு தட்டு. கியரில் இருந்தபடியே காலை எடுத்தால் டேஷ்போர்டில் டீசல் கணக்கு பூஜ்யம் காட்டுகிறது என்று விரலால் காட்டினேன். நியூட்ரல் போட்டால்தான் டீசல் மிச்சம் என்று முப்பது வருஷமாக நம்பியவர் அந்தப் பூஜ்யத்தையே பார்த்தார். ரோட்டைப் பார் என்று அதற்கும் கத்தினேன்.

மொகிலியில் மூத்தார் எங்களுக்கு முன்னால் இருந்தார். வண்டி அலற, புகை கக்க, கியரைக் குறைத்துக் குறைத்து ஏறிக்கொண்டிருந்தார். நாங்கள் ஒரே கியரில் பின்னால் வந்தோம். இரண்டாவது வளைவு தாண்டியதும் ரோடு அகலமானது. என் வீட்டுக்காரர் ஒதுங்கி, மிதித்தார். வண்டி தாண்டியது! கத்தவில்லை, திணறவில்லை, முள் பச்சைக் கோட்டை விட்டு நகரவில்லை. மூத்தார் வண்டிக்கு நேராக வந்தபோது நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, தெருவில் எனக்கு வைத்த பெயருக்கு ஏற்றமாதிரி, "பாம்... பாம்..." என்று என் வாயாலேயே ஹாரன் அடித்தேன். நாற்பத்தைந்து வயதில் செய்கிற வேலையா என்று கேட்காதீர்கள். அந்தச் சந்தோஷத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பலமனேரில் எங்கள் டேங்க் முதலில் நிரம்பியது. மூத்தார் வண்டிக்கு டீசல் போய்க்கினே இருந்தது. அவர் மீட்டரைப் பார்த்தார், எங்கள் வண்டியைச் சுற்றி வந்தார், ஒரு டயரை உதைத்தார்.

"ஹாரன்தான் கொஞ்சம் ஓவர்" என்றார். ஞாயிற்றுக்கிழமை குடிபாலாக்காரருக்கு அவரே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சென்சார் வண்டி எடுத்து இப்போது இரண்டு வருஷம் ஆகிறது. குறையே இல்லை என்று நான் சொன்னால் காணிப்பாக்கம் என்னையும் விடாது. ஒரு தடவை எலி வயரைக் கடித்து புத்தூரில் ஒரு பகல் முழுக்க நின்றோம். திருப்பதியிலிருந்து லாப்டாப் வரும்வரை என் வீட்டுக்காரர் பழைய வண்டியின் சோப்பை நினைத்துப் பெருமூச்சு விட்டார். ஆனாலும் வண்டி எங்களுடையது, ஸ்டியரிங் அவருடையது.

அந்த வெள்ளிக்கிழமை இன்னொன்றும் நடந்தது. மூட்டைகளை இறக்கிவிட்டு, வெறும் வண்டியாக மொகிலி மலையில் இறங்கிக்கொண்டிருந்தோம். கியரில் போட்டு, காலை எடுத்து, பூஜ்யம் ஓடிக்கொண்டிருந்தது, இன்ஜின் லேசாக முனகிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் சத்தம். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. ஜன்னல் பக்கம் பார்த்தபடி, எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "பசிக்குதாய்யா?" என்றேன். "இன்னா?" என்பார், திரும்பச் சொல்லத் தொண்டையில் தெம்பு இல்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பசிக்குது," என்றார் அவர். "சித்தூர்ல நிறுத்தலாம்."